அவர் கேட்ட சீனி

எங்கள் கடையில் யாராவது சீனி கேட்டால் நான் அப்படியே நின்றுவிடுகிறேன். கையில் தட்டு இருந்தால் தட்டோடு, மேசை துடைக்கிற துணி இருந்தால் துணியோடு. எப்போதாவது ஒரு தடவை என்றால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். சனி, ஞாயிறுகளில் வாசல்வரை வரிசை நிற்கிற இடத்தில் நட்டநடுவில் ஒருத்தி கட்டை மாதிரி நின்றால், பின்னால் வருகிற பிள்ளை மோதத்தான் செய்யும். கோப்பைகள் உடைந்தன. மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, நீங்க இனிமே கவுண்டர்ல உக்காந்துக்குங்க லா, கால் வலிக்காம இருக்கும்," என்றார். கால் வலிக்கிறது என்று நான் எப்போது சொன்னேன்? ஆனாலும் தன்மையாகச் சொன்னார், மறுக்க முடியவில்லை. இப்போது உட்கார்ந்தே வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

கேமரன் மலையில், தேயிலைக்கு நடுவே ஒரு மேட்டில், மூன்று பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டின தேநீர்க் கடை அது. தோட்டத்துக்காரர்களே நடத்துகிறார்கள். ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ வளைந்து வளைந்து மலையேறி, பாதிப் பேர் வழியில் வாந்தியெடுத்து, வந்து சேர்ந்து, ஒரு கோப்பைத் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு மலையைப் பார்ப்பார்கள். "எவ்ளோ அமைதியா இருக்கு பாத்தீங்களா, குடுத்து வச்சவங்க நீங்க," என்று என்னிடமே சொல்வார்கள். நான் அப்போது ஒரு கையில் கோப்பைகளையும் மறு கையில் கேக்கையும் பிடித்துக்கொண்டு, அடுத்த மேசைக்காரர் சீனி கேட்டதை மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பேன். கொடுத்து வைத்தவளாம்.

எனக்கு வேகம் பிறவிக் குணம். தோட்டத்து லயத்தில், வேலைக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். குழாயடியிலும் முந்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெஞ்சு பிடிக்கவும் முந்த வேண்டும். ஃபாதர் பூசை முடித்துக் கடைசி ஆசீர் கொடுப்பதற்குள் என் ஒரு கால் வாசலில் இருக்கும். பேச்சிலும் அப்படியே. எதிரில் இருப்பவர் பாதி சொல்லும்போதே மீதியை நான் முடித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகத்தான் முடிப்பேன். கடையில் வேலை செய்கிற பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எக்ஸ்பிரஸ் அக்கா. கோபப்படுகிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

எனக்கு வாய்த்தவர் எனக்கு நேர் எதிர். தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டினார். வெட்டின தேயிலைக் கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபேக்டரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை. கொழுந்து வாடுகிறது என்று தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி போனில் கத்துவார். இவர் வளைவில் லாரியை ஓரங்கட்டி, மேகம் ரோட்டைக் கடந்து போகட்டும் என்று காத்திருப்பார். "ரோடு தெரியாம உருட்டி விடுறதுக்கு, செத்த நின்னுட்டுப் போனா என்ன?" என்பார். எங்கள் கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எதிர்மலையில் அவர் லாரி தீப்பெட்டி மாதிரி ஊர்ந்து போவது தெரியும். பச்சைக்கு நடுவே சிவப்பு லாரி அழகாக இருக்கிறது என்று வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். நான் நிமிர்ந்து பார்த்தது அபூர்வம். யார் யார் போனிலோ அவர் லாரி இருக்கிறது. என் போனில் இல்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். அவரோடு வேலை பார்த்தவர்களில் தமிழர்கள் ஓரிருவர்தான். மெஷின் பிடித்துக் கொழுந்து வெட்டுகிறவர்கள், மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லாம் வங்காளதேசத்துக்காரர்கள், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள். எல்லாருக்கும் பொதுவாக இருந்தது மலாய். விடிந்ததிலிருந்து சாயங்காலம்வரை அவர் வாயில் மலாய்தான் ஓடும். வீட்டு வாசலில் பூட்ஸைக் கழற்றும்போது மலாயையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வருவார். உள்ளே தமிழ். அதுவும் அளந்துதான் பேசுவார்.

என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "இந்தா," என்பார், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அது எனக்குக் குழப்பமாக இருந்தது. இந்தா என்றால் எதையோ கொடுக்கிறார் என்று கையை நீட்டிக்கொண்டு போவேன். அவர் கையில் ஒன்றும் இருக்காது. "செத்த நேரம் இப்புடி வந்து உக்காரு லா," என்பதற்குத்தான் அந்த இந்தா. "நான் உக்காந்தா சோறு தானா வெந்துருமா?" என்று திரும்பிவிடுவேன். வருஷக்கணக்கில் எங்களுக்குள் நடந்த பேச்சு பெரும்பாலும் இதுதான். சண்டை இல்லை. அவர் கூப்பிடுவார், நான் போகமாட்டேன், இரண்டு பேருக்கும் பழகிப்போயிருந்தது.

ஒரு நாள், கடையில் பழசாகிவிட்டது என்று கழித்துப் போட்ட மரப் பெஞ்சு ஒன்றை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு ஜன்னலோரம் போட்டார். "ஊர்ல உள்ளவன்லாம் மலையேறி வந்து உக்கார்ற பெஞ்சு இது. நம்ம வீட்டுக்கே வந்துருச்சு பாரு. இந்தா, வா, உக்காரு," என்றார். உட்கார்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன், முதல் கொஞ்ச நாள். அப்புறம் பெஞ்சின் ஒரு பாதியில் அவர் உட்கார்ந்தார், மறு பாதியில் மடிக்காத துணி உட்கார்ந்தது. இந்த ஊர் ஈரத்தில் துணி காய்ந்தால்தானே மடிப்பது.

கோவிட் முடிந்து, மூடிக் கிடந்த கடை திறந்து, அடைபட்டுக் கிடந்த கூட்டமெல்லாம் ஒரே நேரத்தில் மலையேறி வந்த காலம் அது. ஒரு காலையில், வேலைக்கு ஆள் பிரித்துவிடுகிற பெரட்டுக் களத்தில், லாரிச் சாவியை வாங்கக் கை நீட்டினவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஸ்ட்ரோக் என்றார்கள். ஈப்போவுக்குக் கொண்டு போனோம். பிழைத்தார். வலது கையும் காலும் பாதிதான் திரும்பி வந்தன. பேச்சு திரும்பவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தது ஒரு தமிழ்ப் பெண், நல்ல பிள்ளை. "அங்கிள் என்ன மொழி பேசுவாரு, ஆன்ட்டி?" என்று கேட்டாள். "தமிழ்தான்," என்றேன். படம் போட்ட அட்டைகளைக் காட்டித் தண்ணீர், சோறு, கட்டில் என்று தமிழிலேயே சொல்லிக்கொடுத்தாள். ஒன்றும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் கிளம்புகிற நாளில் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "வார்த்தை எல்லாம் உள்ளதான் இருக்கு, ஆன்ட்டி. தேடி எடுத்துட்டு வர அவருக்கு நேரம் ஆகும். நீங்களா முடிச்சு வைக்காதீங்க. காத்திருங்க." அவள் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி சரி என்று தலையாட்டிவிட்டேன். டாக்டர் வேறு கூப்பிட்டு, இவருக்கு ஏற்கனவே இனிப்பு நீர், இனிமேல் சீனி பக்கமே போகக் கூடாது, போனால் அடுத்த ஸ்ட்ரோக்தான் என்று மிரட்டி அனுப்பினார்.

நான் தோட்டத்துக் கடையில் வேலையில் இருந்ததால் தோட்டம் கொடுத்த வீடு எங்களிடமே இருந்தது. வேலையை விட்டால் வீடும் போய்விடும். ஆகவே ஓட்டம் இரட்டிப்பானது. விடியும் முன் எழுந்து அவருக்கு உடம்பு துடைத்து, கஞ்சி கொடுத்து, மாத்திரை கொடுத்து, ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவேன். நடுவில் பக்கத்து வீட்டு அக்கா வந்து எட்டிப் பார்ப்பார். திரும்பி வந்ததும் சமையல், துணி, பாத்திரம். அவர் பெஞ்சிலேயே இருப்பார். நான் அவர் முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருப்பேன்.

சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வார்த்தை வந்தது. நான் அடுப்படியில் இருந்தேன். முன்னறையிலிருந்து ஏதோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் வாய் கோணிக்கொண்டு, நெற்றி நரம்பு புடைக்க, எதையோ வெளியே தள்ளப் பாடுபடுகிறார். "சீ..." என்றார். எச்சில் வழிந்தது. "சீ...னி."

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. மாதாவே என்று கத்திவிட்டேன். மகளுக்குப் போன் போட்டேன். சிரம்பானில் இருக்கிறாள், எங்களுக்கு ஒரே பிள்ளை. போன் திரையில் அப்பா முகத்தைப் பார்த்து அவளும் அழுதாள்.

"அப்பா என்னம்மா சொல்றாரு?"

"சீனி கேக்குறாரு லா. நாக்குக்கு இப்பத்தான் உசுரு வந்துருக்கு, வந்ததும் என்ன கேக்குது பாரு."

"குடுத்துராதீங்கம்மா. டாக்டர் சொன்னாருல்ல?"

"நான் என்ன பைத்தியமா குடுக்க?"

அவர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டினாரா, இல்லை என்று ஆட்டினாரா, அதைக்கூட நான் நின்று பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஒரு வார்த்தைதான். வேறு எதுவும் வரவில்லை. காலையில் நான் பையை எடுத்தால் சீனி. வேலை முடிந்து உள்ளே நுழைந்தால் சீனி. துணி பிழியும்போது, வெங்காயம் வெட்டும்போது சீனி, சீனி. சொல்லிக்கொண்டே இடது கையால் பக்கத்தில் கிடக்கிற துணிக் குவியலைத் தட்டுவார். கோபத்தில் அடிக்கிறார் என்று நினைத்தேன். "பச்சப் புள்ள மாதிரி அடம் புடிக்காதீங்க. சீனி கிடையாது. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்," என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பேன். சீனி டப்பாவைத் தூக்கி அலமாரிக்கு மேலே ஒளித்து வைத்தேன். நானும் சீனி இல்லாமல் தேநீர் குடித்தேன், அவர் கண்ணுக்கு முன்னால் இனிப்பாகக் குடிப்பது பாவம் என்று. வாயெல்லாம் கசக்கும். இவ்வளவு தியாகம் செய்கிறோமே என்று என்மேல் எனக்கே மதிப்பு வந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "அடியே, ஆசப்பட்டுக் கேக்குறாரு. ஒரு கரண்டி போட்டுத்தான் குடேன். இன்னும் எத்தன காலத்துக்கு இருந்து கேக்கப் போறாரு?" என்றார். அது என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. ஈஸ்டர் பூசைக்குப் போய்விட்டு வந்த கையோடு, நடந்தது நடக்கட்டும் என்று அலமாரி மேலிருந்து டப்பாவை இறக்கினேன். நல்ல கொழுந்துத் தேயிலை, பால், நிறைய சீனி. கொண்டுபோய் அவர் உதட்டில் வைத்தேன். ஒரு வாய் உறிஞ்சினார். என் முகத்தைப் பார்த்தார். இடது கையால் கோப்பையைத் தள்ளிவிட்டார். தேநீர் என் கோயில் சேலை முழுக்கக் கொட்டியது.

"கேட்டதும் நீங்கதான், தள்ளுறதும் நீங்கதான். என்னதான் வேணும் ஒங்களுக்கு?" என்று கத்தினேன். அவர் துணிக் குவியலைத் தட்டித் தட்டி, "சீனி, சீனி," என்று அழ ஆரம்பித்தார். ஸ்ட்ரோக் வந்தவர்கள் காரணமில்லாமல் அழுவார்கள் என்று ஏற்கனவே சொல்லியிருந்தார்கள். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துவிட்டுச் சேலையை அலசப் போனேன்.

எனக்கு மலாய் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாமல் என்ன? கடையில் பாதி நேரம் மலாய்தான் பேசுகிறேன். ஆனால் அது கடையில். வீட்டுக்குள் அவர் என்னிடம் பேசினது தமிழ். நான் நாள் முழுக்கச் சீனியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள், அவர் சீனி கூடாத நோயாளி, டாக்டர் சொல்லி அனுப்பினதும் சீனியைப் பற்றி. என் காதில் வேறு எது விழும்? யார் காதில்தான் வேறு எது விழுந்திருக்கும்? இதைப் பலமுறை எனக்கு நானே கேட்டுவிட்டேன். நியாயம் என் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் அந்த மாதங்களை நினைத்தால் மறுபடியும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்துவிடுகிறேன்.

விடுமுறை நாளில் நான் திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குப் போய் வாரத்துக்கு வேண்டியதை வாங்கி வருவது வழக்கம். ஈஸ்டர் முடிந்து சில வாரம் கழித்து அப்படிப் போனேன். தோட்டத்துப் பாதை ஒரு வண்டிதான் போகலாம், இரண்டு பக்கமும் சேறு. முட்டைக்கோஸ் ஏற்றின லாரி ஒன்று எதிரே வந்து நின்றது. லாரியிலிருந்து ஓர் ஆள் குதித்து, என் பழைய காருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, "கோஸ்தான், அக்கா, கோஸ்தான்!" என்று கத்தினார். வண்டியைப் பின்னுக்கு எடு என்பதற்கு இந்த நாட்டில் எல்லாரும் சொல்கிற சொல் அது. எரிச்சலோடு பின்னால் எடுத்தேன்.

கார்க் கண்ணாடியில் அந்த ஆளைப் பார்த்தேன். உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, பக்கத்தில் இருக்கிற காற்றைத் தட்டிக்கொண்டே நின்றார். "சினி... சினி... சினி லாகி..."

இங்கே. இங்கே. இன்னும் கொஞ்சம் இங்கே.

என் கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அந்தக் கை எனக்குத் தெரிந்த கை. அந்தத் தட்டல் எங்கள் வீட்டுப் பெஞ்சில், துணிக் குவியல்மேல், நாள் தவறாமல் நான் பார்த்த தட்டல். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். பின்னால் நின்றவர் என்ன ஆச்சோ என்று ஜன்னல் பக்கம் ஓடி வந்தார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். சினி என்றால் மலாயில் இங்கே. அவர் சீனி கேட்கவே இல்லை. இங்கே வா என்று கூப்பிட்டிருக்கிறார். தமிழ் வார்த்தை அத்தனையும் உள்ளே எங்கோ மாட்டிக்கொண்டுவிட, இந்தா என்பது கிடைக்காமல், லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்களைப் பார்த்து ஆயிரம் தடவை கத்திய ஒரு சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து அதை வைத்து என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் சீனி டப்பாவை ஒளித்து வைத்தேன்.

காய் வாங்காமல் திரும்பினேன். அன்று பார்த்துப் பள்ளி விடுமுறை. கம்போங் ராஜா பக்கமிருந்து வந்த பஸ்களும், ஸ்ட்ராபெரி வாங்க நடுரோட்டில் நிறுத்தின கார்களும், காய்கறி லாரிகளும் சேர்ந்து ரோடே அடைத்துக்கொண்டது. ஆயுள் முழுக்க ஓடினேன், ஓட வேண்டிய ஒரே நாளில் ஆமை மாதிரி நகர்ந்தேன். முன்னால் நின்ற காரைத் திட்டினேன். மாதாவைத் திட்டினேன். இத்தனை மாதம் அவர் ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பெஞ்சில் இப்படித்தான் காத்துக்கிடந்திருப்பார் என்று தோன்றியதும் திட்டுவதை நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தேன். பெஞ்சில் இருந்தார். என்னைப் பார்த்ததும், நம்பிக்கை விட்டுப்போன குரலில், ஒரு கடமை மாதிரி, "சீ...னி," என்றார். துணிக் குவியலை அப்படியே வாரித் தரையில் போட்டேன். அவர் தட்டின இடத்தில் உட்கார்ந்தேன்.

"சினியா? இங்கயா? இங்க வந்து உக்காரச் சொன்னீங்களா?"

அவர் முகம் உடைந்தது. ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினார். இந்த முறை நின்று பார்த்தேன், ஐயமே இல்லை. இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு பெரிய மூச்சை விட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேறு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை அவருக்கு. அவ்வளவுதான் கேட்டிருக்கிறார்.

மேனேஜரிடம் பேசிக் காலை வேலை மட்டும் வாங்கிக்கொண்டேன். மத்தியானம் வந்துவிடுவேன். வந்து உட்காருவேன். அது இனிமையாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். சும்மா உட்காருவதைப்போலக் கஷ்டமான வேலையை நான் செய்ததில்லை. கால் தானாக ஆடும். ஊறப்போட்ட அரிசி, கழுவாத பாத்திரம், பாக்கி வேலை ஒவ்வொன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடும். நான் நெளிவது தெரிந்ததும் அவர் என் மணிக்கட்டை லேசாக அழுத்துவார். நாள் போகப் போகக் கால் ஆடுவது குறைந்தது. பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவதைப் பார்த்தேன். முதலில் வடிகால், அப்புறம் வேலி, அப்புறம் பக்கத்து வீட்டு அக்காவின் துணிக்கொடி என்று ஒவ்வொன்றாக விழுங்கும், திரும்பக் கொடுக்கும். பிறந்ததிலிருந்து இந்த மலையில்தான் இருக்கிறேன், இதை உட்கார்ந்து பார்த்ததில்லை.

எதிரே பாதையில் சிவப்பு லாரி போகும். அது எங்கள் ஜன்னலிலிருந்தும் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்காகத்தான் பெஞ்சை அங்கே போட்டாரோ என்னவோ. வேறு ஆள் ஓட்டுகிறார் இப்போது. வளைவில் வேகமாகத் திருப்பும்போது இவர் உச்சுக்கொட்டித் தலையை ஆட்டுவார். நான் போனை எடுத்து அந்த லாரியைப் படம் பிடிக்கப் போனேன். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டேன். அதை ஓட்டினவர் இங்கே உட்கார்ந்திருக்கும்போது லாரியைப் படம் எடுத்து என்ன செய்வது?

ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார ஆரம்பித்ததும் அவர் அந்த வார்த்தையைச் சொல்வது குறைந்துபோனது. வந்துவிட்டவளை ஏன் கூப்பிட வேண்டும்? அவருக்கு இருந்தது அந்த ஒரே வார்த்தை. அதுவும் இல்லாமல் வீடு அமைதியாகிவிட்டது. எனக்கு அந்தக் குரல் வேண்டியிருந்தது. இத்தனை காலம் சீனி என்று கேட்டதை என் பெயராகக் கேட்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது, சின்னப் பெண் மாதிரி. ஆகவே காரணமே இல்லாமல் எழுந்து போவேன். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பேன். சற்று நேரத்தில் பலகையைத் தட்டுகிற சத்தம், பின்னாலேயே "சீ...னி." ஓடி வந்து உட்காருவேன். அவருக்கும் விளையாட்டு புரிந்துவிட்டது. கோணின வாயால் சிரிப்பார். மகளும் கல்யாணமாகிப் போன பிறகு, இரண்டு கிழங்கள் கண்ணாமூச்சி ஆடினோம். மழைக்காலம் முழுக்க ஆடினோம். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருக்கலாம்.

அவர் போன நாளையும் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வரை பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது. தேயிலைமேல் வெயில் விழுந்து மலை முழுக்க ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கை என் மணிக்கட்டில் இருந்தது. எனக்குக் குரல் கேட்க ஆசை வந்துவிட்டது. "தண்ணி வைக்கப் போறேன்," என்று சொல்லிவிட்டு அவர் விரலைப் பிரித்து எடுத்துவிட்டு எழுந்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். தெரியும் உன் ஆட்டம் என்கிற சிரிப்பு.

அடுப்படியில் கெட்டிலைத் தட்டிவிட்டுக் கதவோரம் நின்றேன். கூப்பிடவில்லை. வீம்பு பண்ணுகிறார் என்று நினைத்தேன். தண்ணீர் கொதித்து, கெட்டில் தானாக அணைந்தது. அப்போதும் கூப்பிடவில்லை. எட்டிப் பார்த்தால் நான் தோற்றுப்போவேன். சேலைத் தலைப்பை வாயில் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, தேட நேரம் ஆகும், காத்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் சொன்னதை நினைத்துக்கொண்டு, அவர் கூப்பிடட்டும் என்று, அவசரமே இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன்.